கிரானில் இரு விண்ணப்பங்கள்

மட்டக்களப்பு நகரிலிருந்து வாழைச்சேனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிற் செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி ஆகிய ஊர்களைக் கடந்தால் கிரான். கோறளைப்பற்றுத் தெற்குப் பிரதேசம் இவ்வூரின் பெயராலேயே வழங்கப்படுகின்றது. சாலைக்கு மேற்கே ஆறும் வாவியும் தம்முட் கலந்து கிடக்கும் நீர்ப்பரப்பு. அதற்கப்பால் புலிபாய்ந்தகல், வயல்வெளி, காடு, தொலைவிலே குடும்பிமலை. மாரிகாலத்தில் வெள்ளம் மேவிப் பாதை மூடுண்ட ஆண்டுகளிலெல்லாம் அக்கரை மக்கள் தோணியேறியே கிரானுக்கு வந்து போயினர். நெல்லும் பாலும் அவ்வழியே வந்தன. நோயாளரும் அவ்வழியே வந்தனர்.

இவ்வூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எண்பது வயதை அண்மித்தவர், ஒரு மாலைப்பொழுதில் இரண்டு தாள்களைத் தம் முன்னே வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர் பெயர் ஈண்டு வேண்டியதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழும் சைவநெறியும் கற்பித்தவர். ஊர்க் கோயிலில் வண்ணக்கராக இருந்தவர். கந்தோர்களில் அவருடைய ஒப்பத்திற்கு ஒரு மதிப்பு உண்டு. அதனாலேயே ஊர் இளைஞர் சிலர் அவ்விரு தாள்களையும் அவரிடம் கொணர்ந்திருந்தனர். இரண்டும் ஒரே கணினியில் எழுத்தாக்கப்பட்டவை. ஒரே நடையில் அமைந்தவை.

முதலாவது, அக்கரையில் மேய்ச்சல் தரைக்குச் செல்லும் வழியில் மரத்தடியிலே இருக்கும் பிள்ளையாரை இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்திற் பதிவு செய்யுமாறு வேண்டுவது. இரண்டாவது, ஊரின் ஓரத்தில் தகரக் கூரையின் கீழ் இயங்கிய ஒரு கிறித்தவச் செபவீடு அனுமதியின்றி நடத்தப்படுகின்றது என்றும், அதனை மூடுவித்தல் வேண்டும் என்றும் பிரதேச செயலாளரிடம் முறையிடுவது. முதலாவது தாள் எமது வழிபாட்டுரிமையைக் காத்தருள்க என்று முடிந்தது. இரண்டாவதும் அவ்வாறே முடிந்தது.

மதமும் அரசும் வெவ்வேறாக நிற்றல் வேண்டும் என்னும் கோட்பாட்டைப் பற்றி அறிஞர் எழுதிய நூல்கள் பல உள. எனினும் அக்கோட்பாடு ஓர் ஊருக்குள் வரும்போது நூல் வடிவில் வருவதில்லை. நிலமாகவும், கூரையாகவும், ஒலிபெருக்கியாகவும், பரீட்சைத் தாளாகவும், ஒப்பமிட வேண்டிய ஒரு விண்ணப்பமாகவுமே வருகின்றது. ஆசிரியரின் திண்ணையில் அன்று கிடந்தது அவ்வினாவே.

முதலாவது தாளின் பின்னணி எளிதில் விளங்கக்கூடியது. பெரும்போகத்தில் வயல்களிலே நெல் விளையுங்காலத்தில் மாடுகளை ஊருக்குள் வைத்திருத்தல் இயலாது. பட்டிகளை மேற்கே மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகளுக்குச் சாய்த்துச் சென்று, அறுவடை முடிந்த பின்னரே மீட்டுவருதல் நெடுங்கால வழக்கம். செல்லும் வழியில் பட்டிக்காரர் அம்மரத்தடியிற் பால் பொங்கி, அருகே நாட்டப்பட்ட சூலத்தை வைரவராகக் கொண்டு மடை வைத்துச் செல்வர். பூசகர் இல்லை, பட்டிக்காரருள் மூத்தவரே பூசகர். மணி இல்லை, மாட்டின் கழுத்து மணியே மணி. திருவிழா என்று ஒரு நாளும் குறிக்கப்படவில்லை. பட்டி கிளம்பும் நாளே திருவிழா.

அம்மேய்ச்சல் நிலம் பல ஆண்டுகளாகவே பிணக்கிற்குரியதாயிற்று. 2020ஆம் ஆண்டளவில் வெளி மாவட்டங்களிலிருந்து வந்தோர் அங்கு சோளப் பயிர்ச்செய்கையில் ஈடுபடுத்தப்பட்டனர். மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் இறந்தன என்று பண்ணையாளர் முறையிட்டனர். அவர்களுடைய முறைப்பாடுகளுள், அங்கே புத்தர் சிலை நிறுவப்பட்டமையும் ஒன்று. 2023 ஆகஸ்ட் மாதத்தில் நிலைமையைக் கண்டறியச் சென்ற பல சமயத் தலைவர்களும் ஊடகவியலாளரும் அங்கிருந்தோராற் சில மணி நேரம் தடுத்து வைக்கப்பட்டனர். அதற்கு அடுத்த மாதம் சித்தாண்டியிற் பண்ணையாளரின் தொடர் போராட்டம் தொடங்கியது. இவற்றோடு, 2020 ஜூன் மாதத்தில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருளிடங்களை முகாமை செய்வதற்கென அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். பாதுகாப்புச் செயலாளரின் தலைமையில் அமைந்த அச்செயலணியில், தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தைப் பற்றியதாயிருந்தும், தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. பழைய கல் ஒன்று மரத்தடியிற் கிடந்தால் அது யாருடையது என்னும் வினா, அறிவியல் வினாவாக மட்டும் இருந்த காலம் இவ்வாறு முடிவுற்றது. பதிவில்லாத பிள்ளையார் நாளை எவருடைய பிள்ளையார் ஆவாரோ என்று இளைஞர் அஞ்சியதில் நியாயம் உண்டு.

இரண்டாவது தாளின் பின்னணி அத்துணை எளிதன்று. அச்செபவீட்டை நடத்திய குடும்பம், கோயிற் சடங்குகளில் வெள்ளை கட்டும் கடமையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த குடும்பம். வைகாசியில் அம்மனுக்குக் கதவு திறந்து, குளிர்த்தி பாடி முடியும் வரையும் அவர்கள் கட்டிய வெள்ளையின் கீழேதான் யாவும் நடைபெறும். எனினும் அவர்கள் நிற்கும் இடம் எதுவென்பது வரையறுக்கப்பட்டிருந்தது. அவ்வெல்லையை அவர்களும் கடப்பதில்லை, பிறரும் கடக்க விடுவதில்லை. போருக்குப் பின்னர் அக்குடும்பத்தின் இளையவர் ஒருவர் ஒரு சபையிற் சேர்ந்தார். சிறிது காலத்தின் பின் தம் வளவிலேயே ஒரு கொட்டகை போட்டு ஞாயிறுதோறும் செபம் நடத்தலானார். அவ்வாண்டு வைகாசியில் வெள்ளை கட்ட ஆள் வரவில்லை. ஊரின் சினம் செபத்தினால் எழுந்ததா, வெள்ளை வராமையால் எழுந்ததா என்பதை ஊரே பிரித்தறிந்திராது.

விண்ணப்பத்திற் சட்ட ஆதாரமும் காட்டப்பட்டிருந்தது. 2008 ஒக்ரோபரில் சமய அலுவல்களுக்குப் பொறுப்பான அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, புதிய வழிபாட்டிடங்களைக் கட்டுவதற்கு அமைச்சின் முன்னனுமதியை வேண்டியது. அது பாராளுமன்றம் இயற்றிய சட்டமன்று, ஒரு சுற்றறிக்கையே. ஆயினும் நாட்டின் பல பகுதிகளிற் சிறு சபைகளை நிறுத்துவதற்கு அதுவே கருவியாயிற்று. தெற்கிலே சிங்களக் கிராமமொன்றிற் பௌத்த பிக்குவின் கையில் இருந்த அதே கருவியைக் கிரானிற் சைவ இளைஞரும் எடுத்திருந்தனர் என்பதே கவனித்தற்குரியது. கருவிக்குச் சமயம் இல்லை போலும்.

இத்தீவில் அரசுக்கும் மதத்திற்கும் உள்ள தொடர்பின் வரலாறு, பொதுவாகத் தமிழர் கூறுவதுபோல 1972இல் தொடங்குவதன்று. 1815ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கையின் ஐந்தாம் வாசகம் புத்த சமயத்தை மீறொணாததாக அறிவித்து, அதன் சடங்குகளையும் பிக்குகளையும் வழிபாட்டிடங்களையும் காப்பதாக வாக்களித்தது. இவ்வாறு பிரித்தானிய முடி பௌத்தத்தின் காவலனாயிற்று. அதனை முதலிற் கடுமையாக எதிர்த்தோர் கிறித்தவ மிசனரிமாரே. வெஸ்லியன் சபையைச் சேர்ந்த ஸ்பென்ஸ் ஹார்டி 1839இல் எழுதிய பிரசுரத்தில், கிறித்தவ அரசு விக்கிரக வழிபாட்டிற்குத் துணைபோவதா என்று வினவினார். அந்நெருக்குதலின் விளைவாகப் பிரித்தானியர் அப்பொறுப்பிலிருந்து படிப்படியாக விலகினர். ஆனால் அரசாங்கப் பணம் ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு வழங்கப்படுவது 1881 வரையும் நிறுத்தப்படவில்லை. அரசு மதத்தினின்றும் விலகுதல் வேண்டும் என்னும் கொள்கை இலங்கைக்கு முதன்முதலில் இவ்வாறு, ஒரு மதத்தைத் தாழ்த்தி இன்னொன்றை உயர்த்துவதற்கான வழக்காகவே வந்து சேர்ந்தது. சிங்கள பௌத்தர் அச்சொல்லைக் கேட்குந்தோறும் நியாயத்தின் ஒலியைக் கேளாது அநியாயத்தின் ஒலியையே கேட்டனரெனின், அதில் வியப்பில்லை. தமிழ் எழுத்தாளர் இதனைப் பெரும்பாலும் நினைவிற் கொள்வதில்லை.

சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு, எந்த மதத்தின் சுதந்திரமான அனுட்டானத்தையும் தடுக்கும் சட்டத்தை இயற்றும் அதிகாரம் பாராளுமன்றத்திற்கு இல்லை என்றது. ஒரு சமூகத்திற்கோ சமயத்திற்கோ மட்டும் சலுகை வழங்குவதையும் விலக்கியது. மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948இல் அது காக்கவில்லை. எனவே அதன் வலிமையை மிகைப்படுத்தல் ஆகாது. 1972 மே 22ஆம் திகதி நடைமுறைக்கு வந்த குடியரசு யாப்பு அப்பிரிவைக் கைவிட்டு, புத்த சமயத்திற்கு முதன்மைத் தானத்தை வழங்கி, அதனைப் பாதுகாத்துப் பேணி வளர்த்தல் அரசின் கடமை என்றது. அவ்யாப்பை உருவாக்கும் பொறுப்பை ஏற்றிருந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, ட்ரொட்ஸ்கியவாதி. தாம் மதச்சார்பற்ற அரசையே நம்பியவர் என்று பின்னாளிற் கூறியவர். அரசியலில் நம்பிக்கை வேறு, வரைவு வேறு. 1978ஆம் ஆண்டின் யாப்பு 9ஆம் உறுப்புரையில் அதே தானத்தை உறுதிசெய்து, பேணப்படுவதற்குரியதைப் "புத்த சாசனம்" என்று விரித்தது. சமயம் என்பது கொள்கை. சாசனம் என்பதோ விகாரை, பிக்கு, நிலம், மரபு யாவற்றையும் உட்கொள்ளவல்ல சொல். அதற்கு அடுத்த 10ஆம் உறுப்புரை, ஒவ்வோர் ஆளுக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை, தாம் விரும்பிய மதத்தைத் தழுவும் சுதந்திரம் உட்பட, எவ்வித மட்டுப்பாடுமின்றி வழங்குகின்றது. இவ்விரு உறுப்புரைகளையும் மாற்றுவதற்குப் பாராளுமன்றத்தின் மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் வேண்டும். ஒன்றோடொன்று எளிதில் உறவாடாத இருவரை ஒரே அறையில் வைத்துப் பூட்டியது போன்ற ஏற்பாடு அது.

பூட்டிய அறையில் நடந்த பிணக்குகள் உயர் நீதிமன்றத்திற்குச் சென்றன. 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டபூர்வமாக இணைப்பதற்கான மசோதாவை ஆராய்ந்த நீதிமன்றம், அனுட்டிக்கவும் கற்பிக்கவும் உரிமை உண்டெனினும் மதத்தைப் பரப்புதல் யாப்பு உறுதிப்படுத்திய அடிப்படை உரிமையன்று என்றும், அத்தகைய பரப்புகை 9ஆம் உறுப்புரைக்கு முரணாகும் என்றும் கருதியது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2005இல் அதனை மதச் சுதந்திரத்தின் மீறல் எனக் கண்டது. மதமாற்றத்தைத் தடுப்பதற்கென 2004இல் கொண்டுவரப்பட்ட மசோதாவின் சில பிரிவுகள் யாப்புக்கு முரணானவை என்று அதே நீதிமன்றம் தீர்மானித்தது. 2007இல் ஒலிபெருக்கிப் பாவனை தொடர்பான வழக்கொன்றில், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையும் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்னும் விதி எச்சமயத்தார்க்கும் பொது என்றது. எமது அரசு மதச்சார்பற்றது என்னும் கூற்றும் அத்தீர்ப்பிலே காணப்படுகின்றது. யாப்பில் இல்லாத சொல் தீர்ப்பில் வந்து அமர்ந்தது. அதனை எவரும் பெரிதுபடுத்தவில்லை.

ஆசிரியர் இத்தீர்ப்புகளை அறியாதவரல்லர். ஆனால் அன்று மாலை அவர் நினைவில் நின்றவை அவையல்ல.

1950களில் அவர் கற்றது ஒரு மிசன் பாடசாலை. 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்திறங்கிய காலந்தொட்டு இப்பகுதியின் கல்வி வரலாறும் மிசனரிமாரின் வரலாறும் பிரிக்கவொண்ணாதன. அப்பாடசாலையில் அவருக்கு நல்ல ஆசிரியர்கள் வாய்த்தனர். வேதாகம பாடத்தில் ஒரு முறை பரிசும் கிடைத்தது. காலையிலே தாயார் நெற்றியிற் பூசிவிடும் திருநீறு, பாடசாலை வாயிலை அண்மித்ததும் அழிந்துவிடும். அழிக்குமாறு எவரும் ஒருபோதும் கூறவில்லை. கை தானே நெற்றிக்குச் சென்றது. சட்டம் கட்டாயப்படுத்தாத ஒன்றை இடம் கட்டாயப்படுத்தியது.

1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசுடைமையாயின. கத்தோலிக்கர் தம் பாடசாலைகளுட் புகுந்து காவலிருந்து எதிர்த்தனர். சைவருட் பலர் உள்ளூர மகிழ்ந்தனர். தம் சங்கங்கள் நடத்திய பாடசாலைகளும் உடன் போயினவே என்ற வருத்தம் பின்னரே வந்தது. அவரவர் பிள்ளைக்கு அவரவர் சமயத்தைக் கற்பித்தல் அரசின் பொறுப்பாயிற்று. அப்பொறுப்பின் ஒரு சிறு கருவியாகவே ஆசிரியர் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார். அரசு அச்சிட்ட சைவநெறி நூலை வைத்துக்கொண்டு, அரசு வகுத்த பாடத்திட்டத்தின்படி, சைவம் இன்னது என்று சைவப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்தார். நாயன்மார் வந்தனர், ஆகமம் வந்தது, மகோற்சவம் வந்தது. பால் பொங்கும் மரத்தடியோ, சூலத்தின் முன் வைக்கப்படும் சுருட்டோ வரவில்லை.

ஒரு தவணைப் பரீட்சையில் "உமது ஊரில் நடைபெறும் வழிபாடு ஒன்றை விவரிக்க" என்ற வினாவுக்கு, பட்டிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் அம்மரத்தடி மடையைப் பற்றி எழுதினான். சாராயம் தெளிப்பதையும் சுருட்டு வைப்பதையும் மறைக்காமல் எழுதினான். நல்ல தமிழ். ஆயினும் புள்ளித்திட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, இருபதுக்கு மூன்று என்று இட்டார். அப்பையனே பின்னாளிற் செபவீட்டிற் சேர்ந்தான் என்று கூறினாற் கதை அழகாகப் பொருந்திவரும். உண்மை அதுவன்று. அவன் இன்றும் பட்டிக்காரனே. முதலாவது விண்ணப்பத்தை எழுதிக் கொணர்ந்தவன் அவனுடைய மகன். அதில், "ஆகம விதிப்படி" நித்திய நைமித்திய பூசைகள் நடைபெறும் ஆலயம் என்று அம்மரத்தடி விவரிக்கப்பட்டிருந்தது. தந்தைக்கு விழுந்த சிவப்புக் கோட்டை மகன் தவறவில்லை.

ஆட்சி பேணி வளர்ப்பதாகக் கூறும் எந்த மதத்திற்கும் நேர்வது இதுவே. பேணுவதற்கு முன் அதனை அடையாளங் காணல் வேண்டும். அடையாளங் காண்பதற்கு அதற்கொரு வடிவம் விதித்தல் வேண்டும். வடிவத்துள் அடங்காதது கழிபடும். சிங்களக் கிராமங்களிலே பௌத்தத்தோடு கலந்து வாழும் பத்தினித் தெய்வ வழிபாட்டிற்கும் மட்டக்களப்பின் கண்ணகி வழிபாட்டிற்கும் உள்ள உறவு, எந்தத் திணைக்களத்தின் கோவையில் அடங்கும்? புத்த சாசனத்திற்கு ஒன்று, இந்து சமயத்திற்கு ஒன்று, இஸ்லாத்திற்கு ஒன்று, கிறித்தவத்திற்கு ஒன்று எனத் திணைக்களங்கள் அமைந்தன. சிறுபான்மையோர் இவ்வேற்பாட்டை எதிர்த்தார்கள் என்று கூறல் கடினம். 1976ஆம் ஆண்டின் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தான் அவாவிய அரசை மதச்சார்பற்றது என்றே கூறியது. பெரும்பாலும் சைவரான மக்களுக்கு நெடுங்காலம் தலைமை தாங்கிய செல்வநாயகமும் கிறித்தவரே. எனினும் அன்றாட நடைமுறையிலே தமிழர் வேண்டியது பிரிவினை அன்று; பங்கு. அவர்களுக்குக் கொடுத்ததில் எமக்கும் சிறிது தருக என்பதே விண்ணப்பங்களின் சாரம். பங்கு கேட்போன், பங்கிடும் கையின் உரிமையை ஏற்றுக்கொண்டவனாகின்றான்.

தோமஸ் ஜெபர்சன் 1802இல் மதத்திற்கும் அரசிற்கும் இடையிலான மதிலைப் பற்றி எழுதியது டான்பரி ஊர்ப் பாப்ரிஸ்ற் சபையார்க்கு. அவர்கள் தம் மாநிலத்திற் சிறுபான்மையினர். அவர்கள் வாழ்ந்த கனெக்றிக்கற் மாநிலத்தில் அரசு சார்ந்த திருச்சபை வேறு. எங்களையும் சேர்த்துக்கொள்க என்பது அவர்களின் வேண்டுகை அன்று. எமது சமயம் ஆட்சியாளர் இரங்கி அளிக்கும் சலுகையாக இருத்தல் கூடாது என்பதே முறையீடு. தமிழ்நாட்டிலோ 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தின் கீழ்க் கோயில்கள் அரசுத் துறையின் மேற்பார்வையில் உள. அது நன்றா தீதா என்ற வாதம் அங்கு ஓயவில்லை.

மதில் வேண்டும் என்பதை ஏற்போரும் ஓரிடத்திற் தயங்கவேண்டியிருக்கின்றது. அவ்விடம் கோயில் வாயில். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் வாயிலில் நின்று போராட வேண்டியிருந்தது. அரசு மதத்தில் தலையிடலாகாது என்ற வாதத்தை அன்று முழங்கியோர் கதவை அடைத்தோரே. இந்திய யாப்பின் 25ஆம் உறுப்புரை மதச் சுதந்திரத்தை வழங்கிய கையோடு, பொதுத்தன்மை வாய்ந்த இந்து சமய நிலையங்களை இந்துக்களின் எல்லாப் பிரிவினர்க்கும் திறந்துவிடும் சட்டங்களுக்கு அது தடையாகாது என்றும் கூறிற்று. கருவறையில் என்ன மந்திரம் என்பது அரசின் அலுவலன்று. வாயிலில் எவர் தடுக்கப்பட்டார் என்பது அரசின் அலுவலே. இவ்வேறுபாட்டைக் கைவிட்டால் மதச் சுதந்திரம் என்பது மதத்துள் வலியோரின் சுதந்திரமாகவே முடியும். செபவீட்டின் தகரக் கூரையின் கீழ் அவ்விளைஞர் தேடியது எதுவாயினும், அங்கே அவர் முன்வரிசையில் அமர்ந்தார் என்பதை ஆசிரியர் ஒருமுறை கண்டிருந்தார்.

இருள் வேளையில் இளைஞர் மூவர் வந்தனர். ஆசிரியர் முதலாவது தாளில் ஒப்பமிட்டிருந்தார். "ஆகம விதிப்படி" என்ற இரு சொற்களைப் பேனையால் வெட்டி, "பட்டிக்காரர் வழக்கப்படி" என்று மேலே எழுதியிருந்தார். இரண்டாவது தாள் வெறுமையாக இருந்தது.

"சேர், இதிலயும் நீங்கதான் முதலாவதா வைக்கணும்" என்றான் பட்டிக்காரரின் மகன்.

"சத்தம் கூடினால் சத்தத்தைப் பற்றி எழுது மனே, வைக்கிறன். ஆனா நம்மட கோயில்ல நாலரை மணிக்குப் போடுற பாட்டையும் சேர்த்துத்தான் எழுதணும். காணி பிழையெண்டால் காணியைப் பற்றி எழுது. அவன் எந்தச் சாமியக் கும்பிடுறான் எண்டு கந்தோருக்கு எழுத எனக்குக் கை வராது."

"அவங்கட சபைக்கு வெளியில இருந்து காசு வருது சேர்."

"வரட்டும். நம்மட கோபுரத்துக்கு லண்டனில இருந்து வரயில்லையா?"

இளைஞர் உடன்படவில்லை. அவர்கள் கூறியதிலும் பொருள் இருந்தது. செபவீட்டார் ஊர்த் தெய்வங்களைப் பேய் என்று கூறியதுண்டு. நோயுற்ற கிழவி ஒருத்தியின் கையிற் கட்டியிருந்த காப்புநூலை அறுத்ததுண்டு. ஆசிரியர் அதனை மறுக்கவில்லை. அது பண்பற்ற செயல் என்றார். நேரிற் சென்று தாமே கூறுவதாகவும் சொன்னார். ஆனால் பண்பின்மைக்கு மருந்து பிரதேச செயலகத்தில் இல்லை என்றார். மயிலத்தமடுவில் சிலை வைத்தவரும் ஏதோ ஒரு கந்தோரின் துணையை நம்பியே வைத்தார். அதே கந்தோரை நாம் ஏவிவிட்டால் நாளை அது நம் மரத்தடிக்கு வருங்கால் எந்த வாயால் மறுப்போம் என்றும் வினவினார். மூவருள் ஒருவன் சிரித்தான். "நாம ஏவாட்டியும் அது வரும் சேர்" என்றான். அதற்கு ஆசிரியரிடம் விடை இல்லை. அவன் கூறியது, கோட்பாடு பேசுவோர் எளிதிற் கடந்து செல்லும் உண்மை. சமனற்ற அரசொன்றின் கீழ், எளியவன் தன் கையிலுள்ள சிறு கருவியையும் கொள்கையின் பேரால் கீழே வைத்துவிட்டால், வலியவன் தன் கருவியை வைப்பான் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திற் செபிக்க வந்த குழந்தைகளும் பெரியோரும் குண்டுக்கு இரையானமையை அவ்விளைஞரும் மறந்திலர். அன்று குருதி கொடுக்கச் சென்றவர்களுள் அவர்களும் இருந்தனர். வெறுப்பினால் மட்டும் அவர்கள் அத்தாளை எழுதவில்லை. அச்சத்தினாலும் எழுதினர்.

மறுநாள் ஆசிரியர் செபவீட்டிற்குச் சென்றார். அங்கே அவரை நாற்காலியில் அமர்த்தித் தேநீர் கொடுத்தனர். காப்புநூல் பற்றிக் கூறினார், இளையவர் தலைகுனிந்து கேட்டார், வருந்துவதாகக் கூறவில்லை. வெள்ளை கட்ட வாராமை பற்றி ஆசிரியர் எதுவும் கேட்கவில்லை. எழும்பும்போது, "ஐயா, நான் பிறந்த வளவுக்குள்ள நீங்க வந்தது இண்டைக்குத்தான்" என்றார் அவர். அதுவும் உண்மை. அவ்வளவு வீட்டிலிருந்து நூறு பாகம் தூரமும் இல்லை.

இரண்டாவது விண்ணப்பம் ஆசிரியரின் ஒப்பமின்றியே அனுப்பப்பட்டது. முதலாவதும் உடனே அனுப்பப்படவில்லை. சில நாட்களின் பின் அதன் புதிய படியொன்றை அவருடைய பேரன் கொணர்ந்து காட்டினான். பரிபாலன சபையின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இருந்த இடத்தில் வேறொரு பெயர் இருந்தது. அவர் பேனையால் வெட்டிய இரு சொற்களும் மீண்டும் அச்சாகியிருந்தன.